கட்டுச்சோறு கட்டியது யார்?
விறலியாற்றுப்படையை நடந்து வாசித்தல்

1

பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை. திருமுருகாற்றுப்படை, பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, கூத்தராற்றுப்படை என்ற மறுபெயர் கொண்ட மலைபடுகடாம் என ஐந்து நூல்கள். முருகனிடம் வழிப்படுத்தும் முதல் நூலை விட்டுவிட்டால், மற்ற நான்கிலும் பரிசில் பெற்றுத் திரும்புகிறவன் எதிரே வறுமையோடு வருகிறவனுக்கு வழி சொல்கிறான். எந்த ஊரில் யார் சோறு போடுவார்கள், எங்கே வழுக்கும், எங்கே விலங்குக்குப் பொறி வைத்திருக்கிறார்கள், எந்த நேரத்தில் கிளம்ப வேண்டும் என்றெல்லாம் சொல்லும் இலக்கியம் இது.

ஆற்றுப்படைக்கு உரியவர்களாகத் தொல்காப்பியம் கூத்தர், பாணர், பொருநர், விறலி ஆகிய நால்வரையும் ஒரே மூச்சில் சொல்கிறது. கூத்தனுக்கு 583 அடியில் பாட்டு உண்டு. சிறுபாணனுக்கு 269 அடி. விறலியை வழிப்படுத்தும் நெடும்பாட்டு எதுவும் பத்துப்பாட்டில் இல்லை. புறநானூற்றின் 64, 103, 105, 133 ஆகிய பாடல்கள் விறலியாற்றுப்படைத் துறையில் வருகின்றன. எல்லாம் சிறு பாடல்கள். ஆணுக்கு வழி சொல்லும்போது நீண்ட மொழி, பெண்ணுக்கு வழி சொல்லும்போது ஏன் இவ்வளவு சுருங்குகிறது என்ற கேள்வியை வகுப்பறையில் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். மாணவிகள் சொல்லும் முதல் பதில் எப்போதும் ஒன்றுதான்: "அவங்கதான் கூடவே போவாங்களே, மேம். தனியா எதுக்கு வழி சொல்லணும்?"

கூடவே போகிறவள் என்ற அந்த நினைப்பைத்தான் இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்கிறது. நடக்கும் பெண்ணை நம் இலக்கியம் எப்படிப் பார்த்தது என்பதை ஒரு குறிப்பிட்ட நாளின் பக்கமாக நின்று வாசிக்க விரும்புகிறேன். பல நாள் நடப்பவர்களுக்கு அந்த நாள் தெரியும். ஓர் ஊரில் தங்கி, தீர்ந்துபோன பொருள்களை வாங்கி, தண்ணீர் நிரப்பி, மறுநாள் காலையில் மீண்டும் வழியில் இறங்கும் நாள் அது. பை மிகக் கனமாக இருப்பது அன்றைக்குத்தான். ஓய்ந்த கால் மறுபடி பழகச் சிறிது நேரம் பிடிக்கும். சாப்பிடச் சாப்பிடக் குறையும் சுமை, அன்று குறையவே ஆரம்பித்திருக்காது. கட்டுச்சோற்றைக் கட்டியது யார், சுமப்பது யார், அவிழ்த்து முதலில் தின்பது யார் என்பதெல்லாம் அன்றைக்கு மறைக்க முடியாதபடி தெரிந்துவிடும்.

2

சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு இன்றும் அதே பெயரில் செங்கல்பட்டு மாவட்டத்துக் கடற்கரையில் ஒரு பேரூராட்சியாக இருக்கிறது. பாட்டுடைத் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். பாணன் போய்ச் சேர வேண்டிய கிடங்கில் இன்றைய திண்டிவனத்துக்குள் அடங்கிவிட்டது. வழியில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். ஆக, சென்னைக்காரர்கள் சனி ஞாயிறுகளில் காரில் விரையும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஒரு பகுதிக்குச் சங்கப்பாட்டில் ஒரு நடைவழிக் குறிப்பு இருக்கிறது.

அந்தக் குறிப்பில் வரும் நிறுத்தங்களைப் பாருங்கள். எயிற்பட்டினத்தில் நுளையர் மகள் வடித்த பழைய தேறலும் சுட்ட மீனும் கிடைக்கும். வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிச்சோறும் ஆமான் சூட்டிறைச்சியும் கிடைக்கும். ஆமூரில் உழவர் வீட்டுப் பெண்ணின் கையால் வெண்சோறும் நண்டுக் கலவையும் கிடைக்கும். நெய்தல், முல்லை, மருதம் என்று நிலம் மாறுகிறது, உணவு மாறுகிறது, குலம் மாறுகிறது. மூன்று இடத்திலும் மாறாதது பெண்ணின் கை. இந்தப் பாட்டைத் திணை மயக்கத்துக்கும் வள்ளல் புகழுக்கும் விருந்தோம்பலுக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லித்தான் நமக்குக் கற்பித்தார்கள். விருந்தோம்பல் என்ற சொல்லுக்குள் வேலை செய்தவர்கள் யாரென்று பாட்டே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. மறைத்தது உரைமரபும் பாடத்திட்டமும்தான்.

நடக்கிற பெண்ணும் பாட்டில் இருக்கிறாள். பாணனோடு வரும் விறலியரைக் கூந்தலில் தொடங்கிப் பாதம் வரை உவமைகளால் அடுக்குகிறார் புலவர். கூந்தலுக்கு மழை, சாயலுக்கு மயில், தொடைக்கு யானையின் துதிக்கை. எல்லாம் அச்சில் வார்த்த உவமைகள். பாதத்துக்கு வரும்போது மட்டும் மொழி சட்டென்று மாறுகிறது. ஓடிக் களைத்த நாயின் தொங்கும் நாக்கைப் போலிருக்கிறது அவர்கள் அடி. அணி எதுவும் அதில் இல்லை. பொருநராற்றுப்படையிலும் இதே நாய்நாக்கு உவமை உண்டு. உரைகாரர்கள் இதைச் செம்மைக்கும் மென்மைக்கும் சொன்ன உவமையாக எடுத்துக்கொள்வார்கள். நாள்முழுக்க வெயிலில் நடந்த காலைச் சாயங்காலம் கழுவிப் பார்த்தவர்களுக்கு அது வேறு மாதிரித் தெரியும். வீங்கி, சிவந்து, ஈரமாக, துடித்துக்கொண்டிருக்கும் கால் அது. அழகு பாட வந்த வாயிலிருந்து தப்பி விழுந்த உண்மை என்று நான் இதை வாசிக்கிறேன்.

உடனே இன்னொரு காட்சி வருகிறது. நடந்து தளர்ந்த அந்தப் பாதங்களை இளைஞர்கள் மெல்ல வருடிக்கொடுக்கிறார்கள். பெண்ணின் காலை ஆண் பிடித்துவிடும் இக்காட்சியை ரசனைக்குரிய ஓவியமாகக் கடந்துவிடலாம். நடக்கும் தொழிலில் இருக்கிற ஒரு கூட்டம் ஒருவர் உடம்பை ஒருவர் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடாகவும் பார்க்கலாம். வீட்டுக்குள் இருக்கும் பெண்ணுக்குச் சங்கப்பாட்டில் இந்தக் கவனிப்பு எளிதில் கிடைப்பதில்லை.

இதே பாட்டில்தான் அந்தப் புகழ்பெற்ற அடுக்களையும் இருக்கிறது. கூரை விழுந்து, சுவரில் காளான் பூத்து, கண் திறவாத குட்டிகளோடு நாய் குரைக்கும் அடுக்களை. கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் அவித்து, பிறர் பார்த்துவிடக் கூடாதென்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். உப்பு விளையும் கடற்கரையை ஒட்டிய நாட்டில் உப்பில்லாத கீரை. நடைக்குக் காரணம் இந்த அடுக்களைதான். பரிசிலைப் பாடுவதற்கு முன்னால் புலவர் இதைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. அதைச் சொல்ல அவருக்கு ஒரு பெண்ணின் வெட்கம் தேவைப்படுகிறது.

3

புறநானூறு 103க்கு வருகிறேன். பாடியவர் ஔவையார். பன்னிரண்டே அடி. காட்டுவழியின் தொடக்கத்தில் ஒரு விறலி உட்கார்ந்திருக்கிறாள். அவள் தூக்கி வந்த சுமையின் ஒரு பக்கம் பதலை தொங்குகிறது, மறுபக்கம் சிறுமுழா தொங்குகிறது. கவிழ்த்து வைத்த உண்கலத்தை நிமிர்த்தி நிரப்ப யார் இருக்கிறார்கள் என்று நினைத்தபடி இருக்கிறாள். போவதானால் அஞ்சி தூரத்தில் இல்லை என்கிறார் ஔவை. அவன் இருப்பது பகைவர் நிலத்தில், போரில் எரியும் ஊர்களின் புகைக்கு நடுவில். ஆனாலும் பஞ்சகாலத்திலும் காப்பாற்ற வல்லவன் என்கிறார்.

இதே துறையில் கபிலர் பாடிய 105ஆம் பாடல் பாரியிடம் போனால் செம்பொன் அணிகள் பெறுவாய் என்கிறது. 133ஆம் பாடலில் முடமோசியார், மயில்போல் கூந்தலைக் காற்று அசைக்க நடந்துபோய் ஆய் அண்டிரனைப் பார்க்கச் சொல்கிறார். நெடும்பல்லியத்தனாரின் 64ஆம் பாடல் வேறு மாதிரி. கருவிகளை எடுத்துக் கட்டு, வெறும் கூழைக் கைவிட்டு வரலாம், போவோமா என்று கேட்கிறது. அங்கே பேசுகிறவனும் பசித்தவன், உடன் நடக்கப் போகிறவன்.

ஔவையின் பாட்டு இந்த மூன்றிலிருந்தும் தனித்து நிற்பது மூன்று காரணங்களால். முதலாவது, அவர் எடையைப் பார்க்கிறார். இரு பக்கமும் தொங்கும் கருவிகளைச் சொல்லாமல் அவரால் அந்தப் பெண்ணை அழைக்க முடியவில்லை. இரண்டாவது, அவள் உட்கார்ந்திருக்கிறாள். களைப்பை அழகாக்காமல் களைப்பாகவே விட்ட இடம் இது. மூன்றாவது, வழியின் ஆபத்தை அவர் ஒளிக்கவில்லை. புகை எழும் பக்கம் போ என்று சொல்வதற்கு, கேட்பவள் போகக் கூடியவள் என்ற மரியாதை வேண்டும். பெண்ணைத் தடுப்பதற்காக ஆபத்தைச் சொல்வது நம் வீடுகளின் வழக்கம். தெரிந்துகொண்டு போகட்டும் என்று ஆபத்தைச் சொல்வது வழிநடைக்காரர்களின் வழக்கம். ஔவை இரண்டாவது வகை.

தனியாக இருக்கும் விறலிக்கு ஆணின் துணை எதுவும் பாட்டில் சொல்லப்படவில்லை. 'கூடவே போவாங்களே' என்று சொன்ன மாணவிக்குப் பதில் இந்தப் பாட்டிலேயே இருக்கிறது.

4

சிலப்பதிகாரத்தில் நடை என்றால் நமக்குக் கண்ணகி நினைவு வருவாள். புகாரை விட்டுச் சிறிது தூரம் போனதுமே மதுரை எங்கே என்று கேட்டவள். முப்பது காத வழியைப் பக்கத்தில்தான் என்று கோவலன் வேடிக்கையாகச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் பாதத்தை இதற்குமுன் மண் அறியாது என்று பின்னர் மாதரியிடம் கவுந்தி சொல்கிறாள். வணிகர் வீட்டு மகளின் பாதம் அது. விறலியின் பாதத்தை மண் தினமும் அறியும். காலும் வர்க்கத்தோடுதான் பிறக்கிறது.

எனக்கு இந்தக் காப்பியத்தில் பிடித்த நடைக்காரி கவுந்தியடிகள். கடிஞை, தோளில் ஒரு துணி, கையில் மயிற்பீலி. அவ்வளவுதான் அவள் சுமை. கிளம்புவதற்கு முன் அவள் சொல்லும் வழிக்குறிப்பைப் பாருங்கள். சோலை வழியே போனால் கிழங்கு அகழ்ந்த குழிகளைப் பூச்சருகு மூடியிருக்கும், கால் தவறும். பழுத்து விழுந்த பலா இடறும். வயல்வழி போனால் நண்டும் நத்தையும் காலில் நசுங்கும். வழியின் ஆபத்து நமக்கு மட்டும் இல்லை, நம்மால் வழிக்கும் ஆபத்து உண்டு என்று சொன்ன முதல் தமிழ் நடைக்குறிப்பு இதுவாக இருக்கலாம். அதைச் சொல்வது வயதான ஒரு துறவிப் பெண்.

பிறகு மதுரைப் புறஞ்சேரி. ஆயர்பாடியில் மாதரி இடம் தருகிறாள். புதுக்கலங்களும் அரிசியும் காய்களும் மோரும் நெய்யும் வந்து சேர்கின்றன. நம் கணக்கில் இது ஊர் தங்கி, பொருள் நிரப்பும் நிறுத்தம். முப்பது காதம் நடந்தவள் அங்கே என்ன செய்கிறாள்? காய் அரிகிறாள். விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது. கணவனுக்கு இலை போடுகிறாள். சாப்பிட்டு எழுந்தவன் சிலம்போடு போகிறான். கற்பின் உச்சக் காட்சியாக மேடைகளில் இதைக் கொண்டாடுவார்கள். நான் இதில் பார்ப்பது இருவருக்கும் சமமாக இருந்த நடை, கூரைக்குள் வந்ததும் ஒருத்தியின் வேலையாக மாறும் கணத்தை. வழியில் இருவருக்கும் கால் வலித்தது. ஊருக்குள் ஒருவருக்குத்தான் ஓய்வு.

மதுரை எரிந்த பிறகு அவள் முதன்முறையாகத் தனியே நடக்கிறாள். வையைக் கரையோடு மேற்கே, பள்ளம் என்றும் மேடு என்றும் பார்க்காமல். அந்த நடையில் அவளுக்கு உணவு இல்லை. கட்டுச்சோறு கொடுக்க யாரும் இல்லை, அவளும் யாருக்கும் சமைக்கவில்லை. பதினான்கு நாள் கழிந்து வேங்கை மரத்தடியில் தெய்வமாகிறாள். பெண் தனியே நடந்தால் போய்ச் சேருமிடம் ஊராக இருக்க முடியாது, வானமாகத்தான் இருக்க வேண்டும் என்ற முடிவு இங்கே எழுதப்பட்டுவிடுகிறது. தலையால் கயிலை ஏறிய காரைக்கால் அம்மையாருக்கும் இதே கதைதான். நடக்கும் பெண் ஊர் திரும்பிவந்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு டீ குடிக்கும் கதை நமக்குக் கிடைக்கவில்லை.

5

போன தை மாதம் பெண்கள் ஆறு பேர் அடையாற்றிலிருந்து கிடங்கில் நோக்கி நடந்தோம். சிறுபாணாற்றுப்படையின் ஊர்களைக் காலால் வாசிக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். மற்றவர்களுக்கு வெவ்வேறு காரணங்கள். ஒருவருக்கு மாதவிடாய் நின்ற வருடம், ஒருவருக்கு மகள் கல்யாணம் முடிந்த அலுப்பு.

நடைக்கான ஏற்பாடு மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் நடந்தது. பை, தொப்பி, ரப்பர் அடி வைத்த செருப்பு என்று பட்டியல் போட்டு வாங்கினோம். ஆனால் ஒவ்வொருத்தியும் தன் பையை நிரப்புவதற்கு முன்னால் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியை நிரப்பினாள். மாவு ஆட்டி வைத்தாள். புளிக்காய்ச்சல் கிளறினாள். மாமியாரின் மாத்திரைகளை நாள்வாரியாகப் பிரித்தாள். ஒரு பெண் ஒரு வாரம் நடக்க இரண்டு கட்டுச்சோறு கட்ட வேண்டியிருக்கிறது. ஒன்று அவளுக்கு, மற்றொன்று அவள் விட்டுப்போகும் வீட்டுக்கு. இரண்டாவது கட்டுச்சோறுதான் கனம் கூட. கிளம்பிய பிறகும் அது கைப்பேசி வழியாக வந்துகொண்டே இருந்தது. பெருங்காயம் எங்கே இருக்கு? கேஸ் எப்ப போட்டது?

நான் சொல்ல வந்த நாள் கடப்பாக்கத்தில் தொடங்குகிறது. இடைக்கழிநாட்டுக்குள் இருக்கும் கடற்கரை ஊர். பக்கத்தில் ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடு. முந்தைய மாலை அங்கே பொருள் வாங்கினோம். அவல், வெல்லம், பொட்டுக்கடலை, எலுமிச்சை, வாழைப்பழம், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம், நாப்கின். மளிகைக்கடைத் தராசில் என் பையை வைத்தேன். தண்ணீரோடு 9 கிலோ 400. கடைக்காரம்மா சிரித்தார். "இத்த தூக்கினு எங்க போறீங்க? பஸ்ஸு வருமே." மரக்காணம் என்றோம். "நடந்தா? வேண்டுதலா?"

அன்று வழியில் அதே கேள்வியைக் குறைந்தது ஏழு பேர் கேட்டார்கள். வேண்டுதலா? அது அன்பான கேள்வி. இந்தச் சாலையில் ஆவணி மாதம் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களைப் பார்த்துப் பழகிய ஊர்கள் இவை. காவி உடுத்திக் கூட்டமாகப் போகும் அவர்களில் பெண்களும் நிறைய உண்டு. அவர்களுக்குத் தண்ணீரும் மோரும் கொடுத்து, திண்ணையில் படுக்க விடுவார்கள். கடவுளுக்காக நடக்கும் பெண்ணைச் சாலை ஏற்றுக்கொள்கிறது. தனக்காக நடக்கும் பெண்ணுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. நான்காவது முறை கேட்டபோது எங்களில் மூத்தவர், "ஆமாங்க, வேண்டுதல்தான்" என்று சொல்லிவிட்டு நடந்தார். உடனே ஒரு வீட்டில் மோர் கிடைத்தது. பொய்யா அது என்று சாயங்காலம் வரை விவாதித்தோம். தீர்ப்பு எட்டவில்லை.

ஏறத்தாழ 20 கிலோமீட்டர். முதல் ஐந்து கிலோமீட்டர் வரை எடை தோளில் இருந்தது, பிறகு இடுப்புக்கு இறங்கியது, பிறகு குதிகாலுக்கு. பதினோரு மணிக்கு மேல் நிழல் ஒரு கொள்கைப் பிரச்சினை ஆகிவிடுகிறது. சாலை அகலமாக இருக்கிறது, மரம் குறைவு. அன்று எங்களை வழிநடத்தியது வரைபடமோ பாட்டோ இல்லை, சிறுநீர். ஒரு பெட்ரோல் பங்கில் கழிப்பறை பூட்டியிருந்தது, சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். கழிப்பறை இல்லாததால் தண்ணீரைக் குறைத்துக் குடித்தோம். தண்ணீரைக் குறைத்துக் குடித்ததால் அது பையிலேயே கனத்தது. பெண்ணின் சுமைக்கும் பொதுவெளியின் அமைப்புக்கும் உள்ள உறவை இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிற்பகலில் உப்பளங்கள் தொடங்கின. வெயிலில் கண் கூசும் வெண்மை. தலையில் சும்மாடு வைத்து உப்புக்கூடை சுமந்து பெண்கள் வரப்பில் போய்க்கொண்டிருந்தார்கள். சிறுபாணாற்றுப்படையில் உமணர் வண்டியோடு வரும் உமட்டியரின் பிள்ளைகளும், அவர்களோடு கிளிஞ்சலைக் கிலுகிலுப்பையாக்கி விளையாடும் மந்தியும் நினைவுக்கு வந்தார்கள். இலக்கியத்தில் அது இனிய காட்சி. வரப்பில் நின்று பார்க்கும்போது அந்தப் பெண்களின் நடை எங்கள் நடையைக் கேள்விக்குள்ளாக்கியது. அவர்களும் அன்று பல கிலோமீட்டர் நடந்திருப்பார்கள், கூடையோடு, ஒரே வரப்பில், முன்னும் பின்னுமாக. அதை யாரும் நெடுநடை என்று சொல்ல மாட்டார்கள். தூரம் ஒரே திசையில் இருந்தால் பயணம், ஒரே இடத்தில் சுற்றினால் கூலிவேலை.

6

பெண்களின் நெடுநடை பற்றி மேற்கிலிருந்து வரும் புத்தகங்களை என் மாணவிகள் ஆர்வமாகப் படிக்கிறார்கள். செரில் ஸ்ட்ரெய்ட் 1995இல், தாயை இழந்து மணவாழ்க்கையும் முறிந்த பிறகு, 26 வயதில் பசிபிக் கிரெஸ்ட் பாதையில் தனியாக நடந்தார். 2012இல் அதைப் புத்தகமாக எழுதினார். முதல் நாள் தூக்க முடியாமல் தூக்கிய தன் பைக்கு 'அரக்கன்' என்ற பொருளில் பெயரே வைத்திருந்தார். தன்னந்தனியாகத் தன்னை மீட்டெடுத்த பெண்ணின் கதையாக அது கொண்டாடப்படுகிறது. ஆனால் வழியிலுள்ள ஊர்களுக்கு அவருக்கான உணவுப் பெட்டிகளை வீட்டிலிருந்து அஞ்சலில் அனுப்பியவர் ஒரு தோழி. தனிநடைக்குப் பின்னாலும் ஒரு கட்டுச்சோறு இருக்கிறது. அதைக் கட்டிய கைக்குப் புத்தகத்தில் கிடைத்த இடத்தைவிட வாசகர்களின் நினைவில் கிடைத்த இடம் மிகக் குறைவு.

எம்மா கேட்வுட்டை எனக்கு இன்னும் பிடிக்கும். 11 பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். அடிக்கும் கணவனிடமிருந்து விவாகரத்து வாங்கியவர். 1955இல், 67 வயதில், நடந்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போய் 3,200 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அப்பலாச்சியன் பாதையைத் தனியாக முடித்தார். கூடாரம் இல்லை. கையால் தைத்த துணிப்பை, கேன்வாஸ் காலணி. பிள்ளைகளெல்லாம் வளர்ந்த பிறகுதான் அவர் கிளம்ப முடிந்தது என்பதைச் சாதனைப் பட்டியல்கள் வயதாக மட்டுமே பதிகின்றன. 67 என்பது அவர் நடைக்குத் தயாரான வயது என்பதைவிட, வீடு அவரை விட்ட வயது.

நமக்கும் ஒருவர் உண்டு. 1938 ஆகஸ்ட் 1 அன்று திருச்சியிலிருந்து இந்தித் திணிப்புக்கு எதிராகத் தமிழர் படை சென்னைக்கு நடக்கத் தொடங்கியது. சுமார் 100 பேர், 42 நாள். செப்டம்பர் 11 அன்று சென்னை வந்து சேர்ந்தார்கள். 234 சிற்றூர்கள், 60 பேரூர்கள், 87 பொதுக்கூட்டங்கள் என்று கணக்குச் சொல்வார்கள். அவர்களோடு நடந்தவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். 1883இல் பிறந்தவர், அப்போது 55 வயது. தேவதாசி முறைக்கு எதிராகப் போராடியவர், 1936இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' நாவலை வெளியிட்டவர். எட்டு ஆண்டுகளுக்கு முன் காந்தி தண்டிக்கு அழைத்துச் சென்ற 78 பேரில் ஒரு பெண்ணும் இல்லை என்பதை நினைத்துக்கொண்டால் இந்த நடையின் முக்கியத்துவம் புரியும்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் சேர்க்கும் அடைமொழி 'ஒரே பெண்'. பெருமையாகச் சொல்லப்படும் அந்தச் சொல் எனக்கு உறுத்தும். 100 பேருக்கு நடுவில் ஒரே பெண்ணாக 42 இரவுகள் ஊர் ஊராகத் தங்குவது என்றால் என்ன என்ற கேள்வியை அந்த அடைமொழி மூடிவிடுகிறது. கூட்டங்களை எண்ணிய வரலாறு குளிக்கக் கிடைத்த மறைவிடங்களை எண்ணவில்லை. பொட்டுக்கட்டும் வழக்கத்துக்குள் தள்ளப்பட்ட ஒரு பெண், ஆண்களின் பார்வைக்கென்று ஒதுக்கப்பட்ட உடம்போடு, பொதுச்சாலையில் அரசியலுக்காக நடந்தார். விறலியின் வழிவந்தவர் என்று அவரைச் சொல்வேன். ஆடல் பாடலில் இருந்த சமூகத்துப் பெண் என்பதற்காக மட்டும் அப்படிச் சொல்லவில்லை. சுமையோடும் ஆபத்தைத் தெரிந்தும் வழியில் இறங்கியவர் என்பதற்காகச் சொல்கிறேன்.

7

தமிழ்நாட்டுப் பழஞ்சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல் கிடத்தியிருக்கும். தலைச்சுமைக்காரர்கள் பிறர் உதவி இல்லாமல் சுமையை இறக்கி வைத்து ஏற்றிக்கொள்ளும் உயரம். கர்ப்பிணியாக இறந்த பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். வயிற்றுச் சுமையை இறக்காமலே போனவளுக்காக, வழியில் போகிறவர்கள் சுமையை இறக்க ஒரு கல். நடை, சுமை, பெண்ணுடல் மூன்றையும் சேர்த்துப் பார்க்க நம் மக்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவு செத்த பெண்ணுக்குக் கல்லானது. உயிரோடு இருக்கும் பெண்ணின் தோளுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

சென்னையில் கண்ணகி நகர் என்று ஓர் இடம் இருக்கிறது. துரைப்பாக்கம் பக்கம். 2000த்திலிருந்து நகரின் ஆற்றங்கரைகளிலும் நடுப்பகுதிகளிலும் இருந்த குடிசைகளை அகற்றி மக்களைக் கொண்டுபோய் வைத்த இடம். வீட்டை இழந்து நகரைவிட்டு வெளியே நடந்த பெண்ணின் பெயரை வைத்தவர்கள் காப்பியத்தை எவ்வளவு தூரம் நினைத்தார்கள் என்று தெரியாது, பெயர் மட்டும் துல்லியமாகப் பொருந்திவிட்டது. அங்கிருந்து மயிலாப்பூருக்கும் அடையாற்றுக்கும் தியாகராய நகருக்கும் வீட்டுவேலைக்கு வரும் பெண்கள் உண்டு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது பெரிய விடுதலை என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டிருக்கிறேன். ஆனால் பேருந்து நிறுத்தத்திலிருந்து முதல் வீடு, முதல் வீட்டிலிருந்து நான்காவது வீடு, மாலையில் காய்கறிப் பையோடு திரும்ப நிறுத்தம் என்று நாள் முழுக்க அவர்கள் நடக்கிறார்கள். பாண்டி பஜாரில் 2019இல் நடப்பவர்களுக்கென்று அகல நடைபாதை போட்டார்கள். உட்கார இருக்கைகள் இருக்கின்றன. வாங்க வருகிறவர்கள் அங்கே நடக்கலாம். வாங்கியதைக் கழுவி வைக்க வருகிறவர்கள் நடக்கும் சந்துகளுக்கு நடைபாதை வரவில்லை.

நாங்கள் ஆறு பேர் நடக்க முடிந்ததில் இவர்களின் கை இருக்கிறது. எங்கள் வீடுகளில் அந்த வாரம் கூடுதலாக ஒரு வேளை வந்து போனவர்கள் அவர்கள்தான். அதனால் பெண்ணின் நெடுநடையைச் 'சுதந்திரம்' என்ற ஒற்றைச் சொல்லால் வாசிக்கும் விமர்சனம் எனக்குப் போதவில்லை. ஒரு பிரதியில் பெண் நடக்கிறாள் என்றால் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று என் மாணவிகளுக்குச் சொல்கிறேன். அவள் தோளில் என்ன எடை? கட்டுச்சோறு கட்டியது யார்? அவள் உட்கார இடம் இருந்ததா? சிறுபாணாற்றுப்படைக்கும் சிலம்புக்கும் ஸ்ட்ரெய்டுக்கும் இந்த மூன்று கேள்விகளும் பொருந்துகின்றன. இராமாமிர்தம் அம்மையாரைப் பற்றி இனி எழுதப்போகும் வரலாற்றுக்கும் பொருந்தும். இந்த மூன்றையும் பார்த்த ஒரே பழம்பாட்டு ஔவையாருடையது என்பதும் அப்போது விளங்கும்.

ஆற்றுப்படை என்பது போய்வந்தவள் போகப்போகிறவளுக்குச் சொல்வது. ஆகவே சொல்கிறேன். கடப்பாக்கத்திலிருந்து கிளம்புகிறவளே, ஆறு மணிக்கு முன்னால் இறங்கு. தண்ணீரைக் குறைக்காதே, சாலையோர வீடுகளில் பெண்களிடம் கேள், எங்களுக்கு யாரும் கதவைச் சாத்தவில்லை. அவலை மேலே வை, வெல்லத்தைப் பக்கப் பையில் வை. பத்தரை மணிக்குள் முதல் பன்னிரண்டு கிலோமீட்டரை முடித்துவிடு, அதற்குப் பிறகு நிழல் கிடையாது. வேண்டுதலா என்று கேட்பார்கள், உனக்குத் தோன்றிய பதிலைச் சொல். கைப்பேசியை அணைத்து வை, பெருங்காயம் அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னால்தான் இருக்கிறது, அவர்களே தேடி எடுக்கட்டும். உப்பளம் வந்ததும் பையை இறக்கி வைத்துவிட்டு அங்கே வேலை செய்யும் பெண்களிடம் கொஞ்ச நேரம் பேசு. மரக்காணம் அங்கிருந்து தூரம் இல்லை.